முதல் விண்ணப்பம்

ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. அவள் ஏழரைக்கே ஆலயத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் ஓரிடத்தில் உட்கார்ந்தாளா என்றால் அதுதான் இல்லை. நற்கருணை மேசைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியை நேற்றே துவைத்து, இஸ்திரி போட்டு, விரித்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அதை எடுத்து மறுபடியும் விரித்தாள். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். சமமாகத்தான் தொங்கியது. மூன்றாம் முறையும் எடுத்து விரித்தாள். துணிக்கு வாயிருந்தால் விட்டுவிடு தாயே என்று கெஞ்சியிருக்கும்.

கைப்பைக்குள் ஓர் அட்டை இருந்தது. அதைச் சுவரில் குத்துவதா வேண்டாமா என்கிற யோசனைதான் அவளை இப்படி அலைக்கழித்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மேடைக்கு இடப்பக்கச் சுவரில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் விண்ணப்பங்கள், மற்றதில் ஸ்தோத்திரங்கள். என்ன வேண்டுமோ அதை ஓர் அட்டையில் எழுதி முதல் பலகையில் குத்த வேண்டும். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். சபையார் "கேளும் ஆண்டவரே" என்பார்கள். கேட்டது கிடைத்துவிட்டால் அந்த அட்டை இரண்டாம் பலகைக்கு மாறும், கிடைத்தவர் எழுந்து சாட்சி சொல்வார். மாதத்தின் முதல் ஞாயிறன்று விண்ணப்பப் பலகையைத் துப்புரவாகக் காலி செய்துவிடுவார்கள். தேவை இன்னும் தீராதவர்கள் தம் கையாலேயே புதிதாக எழுதி, தேதி போட்டு, மறுபடி குத்த வேண்டும். எழுதிக் குத்திவிட்டு அத்தோடு மறந்துபோகிறவர்களைத் திருத்த எந்தக் காலத்திலோ ஒரு போதகர் போட்ட சட்டம் அது.

வாசிக்கும் வரிசையில் பழைய விண்ணப்பத்துக்கே முதலிடம். இருபத்தோரு வருஷப் பழைய விண்ணப்பம் என்பதால் முதலிடம் அவளுடையது. 'ஆண்டவரை விட்டுத் தூரமாய்ப் போன என் தம்பி திரும்பி வர வேண்டும்.' முத்துமுத்தான கையெழுத்து. சபையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் விண்ணப்பக்கா. பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லை என்று வருத்தப்படும் தாய்மார்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை அவள்தான் நடத்துவாள். முதல் விண்ணப்பம் வாசிக்கப்படும்போது முன்வரிசையில் அவள் தலை குனியும். அந்த நேரத்தில் இருமல்காரர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். தம்பி திரும்பி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அவன் போன் செய்தபோது அவள் வேலையில் இருந்தாள். மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு அவள் மேற்பார்வை. ஆள் உயர உருளைகளுக்கு நடுவே ஒரு பக்கம் ஈர விரிப்பு போகும், மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். இரண்டு பெண்கள் நுனியைப் பிடித்து மடிப்பார்கள். மடித்ததை அவள் விரல் நுனியால் தள்ளிப் பார்த்து, ரத்தக்கறை லேசாக நிழலடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது என்று அங்கே பேச்சு. அந்த இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அக்கா, நான் மறுபடி ஜெபிக்க ஆரம்பிச்சிட்டேன்."

"என்னடா? மெஷின் சத்தம், கேக்கலை."

"ஜெபிக்கிறேன்னு சொன்னேன்! சர்ச்சுக்குப் போறேன்! மூணு மாசமா!"

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேறோர் ஊரில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டானாம். விளக்கும் போய்விட்டதாம். ஐந்து மணி நேரம். அந்த இருட்டில் தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றான். "யாரும் சொல்லித் தரலைக்கா. நானா கண்டுபிடிச்சேன்."

அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது உண்மை. எதற்காக வந்தது என்று கேட்டால்தான் சிக்கல். "உனக்காக நாங்க இத்தனை வருஷமா முழங்கால் தேய ஜெபிச்சோம்டா" என்றாள்.

"ம், ம். அதிருக்கட்டும். லிஃப்ட்ல என்ன ஆச்சுன்னா..." என்று அவன் மறுபடி லிஃப்டுக்குள் போய்விட்டான்.

கடைசியில் சொன்னான்: "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஒரு ஞாயித்துக்கிழமை நானே நேரா வர்றேன். எங்க இருந்து எழுந்து போனேனோ அங்கயே, எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன். அதுதான் சரியா இருக்கும்."

"சரிடா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். யோசிக்கவே இல்லை.

அவன் எழுந்து போனதும் லேசுப்பட்ட கதை இல்லை. அன்று திடப்படுத்தல் ஆராதனை, தன் நம்பிக்கையை அறிக்கையிட்டுச் சபையில் முழு அங்கமாகச் சேரும் சடங்கு. பத்தொன்பது வயது. வெளியூரிலிருந்து பேராயர் வந்திருந்தார், ஆலயம் நிரம்பி வழிந்தது. மண்டியிட்டவர்களின் வரிசையில் இவன் முறை வந்தபோது எழுந்து நின்று, "எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. நடிக்க முடியாது" என்று உரக்கச் சொன்னான். சொல்லிவிட்டு நடந்தான். பக்கக் கதவு அவனுக்கு இரண்டே அடி தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு நடுப்பாதை முழுவதும் நடந்து பெரிய கதவு வழியாகத்தான் போனான். உண்மைக்காகப் போகிறவன் கிட்ட இருக்கிற கதவு வழியாகப் போகமாட்டானா என்று அவளுக்கு அன்றே தோன்றியது. அவன் முதுகை முந்நூறு பேர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் தன் முதல் அட்டையைக் குத்தினாள். அப்போது அதே முந்நூறு பேர் அவளைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து அவள் நல்ல பிள்ளை. சலவை நிலையத்தில் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, அம்மாவை யார் பார்ப்பது என்று மறுத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதும் அதையேதான் சொன்னாள். "நான் கேட்டேனாடி?" என்று அம்மா ஒருமுறை முணுமுணுத்தாள். அம்மா கேட்கவில்லைதான். ஆனால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார், சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு செய்தவளுக்கு அவர் எதையும் இல்லை என்று சொல்ல முடியாதல்லவா?

அந்தப் போனுக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, அட்டை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. தம்பிதானே சொல்லாதே என்றான், திடீரென்று அட்டை காணாமல் போனால் அம்மா என்ன ஏது என்று குடைய மாட்டாளா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினாள். இரண்டாம் மாதம் தயக்கம் பாதியானது. ஐந்தாம் மாதம் 'தூரமாய்ப் போன' என்பதை 'இன்னும் தூரமாய் இருக்கும்' என்று மாற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம், எட்டு அட்டை. தம்பியும் அடுத்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன் என்று தள்ளிக்கொண்டே போனான். ஒரு தடவை பாதிப்பேர் விடுமுறைக்குப் போயிருப்பார்கள் என்றான். இன்னொரு தடவை மழை.

வீட்டில் அம்மா விடியற்காலையில் எழுந்து சமையலறைக்குப் போவாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். "அம்மா, தண்ணி வீணாப் போகுது!" என்று இவள் படுக்கையிலிருந்தே கத்துவாள். சத்தம் நிற்கும்.

இந்த வியாழக்கிழமை தம்பி மறுபடி போன் செய்தான். "இந்த மாசம் நிச்சயம். எந்த ஞாயிறுன்னு சொல்ல மாட்டேன், சர்ப்ரைஸ்." அதிலிருந்துதான் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் எல்லாச் சபைகளும் சேர்ந்து நடத்தும் பெண்கள் கூட்டம். அறுநூறு பேர் வருவார்கள். 'சோர்ந்து போகாத ஜெபம்' என்ற தலைப்பில் பேச அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பேச வேண்டியதைக் குளியலறையில் பேசிப் பேசி மனப்பாடம் செய்திருந்தாள். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றால் இன்னும் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் நினைத்துப் பார்த்தாள். அவன் வந்துவிட்டால் அவனைத்தான் மேடையேற்றுவார்கள். லிஃப்டுக்குள் விளக்கு அணைந்த கதையை அறுநூறு பேரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். இவள் கீழே உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு பொருளாளர் மனைவியின் மூட்டுவலி முதல் விண்ணப்பமாகிவிடும்.

இன்னும் இரண்டே வாரம். அப்புறம் சொல்லிவிடலாம். ஒன்பதாவது அட்டையை எடுத்தாள், பலகையின் மேல் மூலையில் குத்தினாள். குண்டூசி கட்டைவிரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒன்பதுக்கு ஆலயம் நிரம்பியது. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, பக்கக் கதவு ஓரமாகத் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தாள். முதல் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு தொடங்கியபோது பெரிய கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். 

தம்பிதான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டை. சலவைக்காரியின் கண் முதலில் சட்டையைத்தான் பார்த்தது. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு நெஞ்சின் குறுக்கே கோடு போட்டிருந்தது. இன்றைக்கென்றே வாங்கியிருக்கிறான். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாடிக்கொண்டிருந்த யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

ஓடிப்போய் அட்டையைப் பிடுங்கலாமா? நடுப்பாட்டில் எப்படி எழுந்து போவது? எழுந்தாள், உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பொருளாளர் மனைவி, "என்ன விண்ணப்பக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கிசுகிசுத்தாள். அதற்குள் போதகர் பலகையருகே போய்விட்டார். அவர் இளையவர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, விண்ணப்பக்காமேல் தனி மரியாதை.

"முதல் விண்ணப்பம். ஆண்டவரை விட்டு இன்னும் தூரமாய் இருக்கும் என் தம்பி திரும்பி வர வேண்டும்."

"கேளும் ஆண்டவரே" என்றது சபை.

"கேட்டுட்டாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் எழுந்து நின்றான். இப்படி ஓர் இடம் அமையும் என்று அவனே எதிர்பார்த்திருக்க மாட்டான். முகம் ஜொலித்தது. "அந்தத் தம்பி நான்தான். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடி இந்த நடுப்பாதையிலதான் நடந்து போனேன். அதே பாதையில இன்னைக்குத் திரும்பி வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். பெண்கள் கைதட்டினார்கள். யாரோ அழுதார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பி, "இப்ப வந்த மாற்றம் இல்லீங்க இது. ஒரு வருஷம் ஆகப்போகுது. அக்காவுக்குத் தெரியும். எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றான்.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. போதகர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் இன்றைய தேதி இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொருளாளர் மனைவி மெல்லத் திரும்பி விண்ணப்பக்காவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

அவள் எழுந்தாள்.  "நான் உங்க எல்லாருக்கும் பொய் சொன்னேன்" என்றாள். "தம்பி வந்துட்டான்னு தெரிஞ்சும் வரலைன்னு எழுதினேன். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. நீங்க எல்லாரும் என்னைப் பெருமையா பார்க்கிறது எனக்குப் பிடிச்சிருந்தது. அதை விட முடியலை."

அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. குரல் தழைந்து, வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வருகிற அந்தக் குரலாகவே வந்தது. இரண்டாம் வரிசையில் ஒருத்தி விசும்பினாள். பொருளாளர் மனைவிகூடக் கண்ணைத் துடைத்தாள். இப்படி ஒத்துக்கொள்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதை அவளே பார்த்தாள். சீ என்று ஆனது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை, அடுத்த வாக்கியம் தயாராக நாக்கு நுனிக்கு வந்திருந்தது. "இந்தச் சபையிலேயே பெரிய பாவி யாருன்னு கேட்டா..."

"இல்லைங்க, தப்பு என்மேல" என்று தம்பி குறுக்கே புகுந்தான். தன் சாட்சி கைநழுவிப் போவதை அவன் கண்டுகொண்டான். "நான்தான் சொல்லாதேன்னேன். அக்காவைவிட நான்தான் பெரிய பாவி. நான் செஞ்சதை எல்லாம் கேட்டா நீங்க நடுங்கிப் போவீங்க."

"அவன் சின்னப் பையன், அப்ப அவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சே செஞ்சவ நான்."

"நீ சும்மா இரு அக்கா, நான் சொல்றேன்!"

யார் பெரிய பாவி என்று அக்காவும் தம்பியும் மல்லுக்கு நிற்க, சபையார் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கைத்தடிச் சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள். மகனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. பக்கக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.

இரண்டு பேரும் அவள் பின்னால் ஓடினார்கள். போதகர் சட்டென்று ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார்.

பக்கக் கதவுக்கு வெளியே மேசைத் துணிகளும் அங்கிகளும் வைக்கிற சிறிய அறை. அம்மா துணிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முதலில் மகன் ஓடிவந்து, "அம்மா, நான் வந்துட்டேம்மா" என்று அவள் காலடியில் மண்டியிட்டான். அம்மா அவன் வழுக்கைத் தலையில் கையை வைத்தாள்.  நெடுநேரம் அதை எடுக்கவே இல்லை. அவள் கன்னங்களில் நீர் வழிந்தது. அப்புறம் அதே கையால் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"ஒரு வருஷமாடா? போன் இல்லையா உங்கிட்ட?"

"உன்னை அசத்தணும்னு..."

"என்னையா அசத்தணும்னு இருந்தே? என்னை அசத்த வீட்டுக் கதவைத் தட்டினா போதாதா?"

மகள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரக் கால் எழவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் பேச்சு சரளமாக வந்தது, இந்த ஒருத்திக்கு முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"காலையில குழாயைத் திறந்து விட்டுட்டு என்ன பண்றேன்னு நினைச்சே?" என்றாள் அம்மா அவளைப் பார்த்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் தூக்கம் கெடக் கூடாதுன்னு தண்ணியைத் திறந்துட்டு அழுவேன். தண்ணி வீணாப் போகுதுன்னு கத்துவே. சரி, போதும்னு மூடிடுவேன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவன் போனதும் நாலு பேர் பார்க்க, வந்ததும் நாலு பேர் பார்க்க. நீ அழுததும் நாலு பேர் பார்க்க. யாரும் பார்க்காம அழுதவ நான் ஒருத்திதான். உனக்குத் தெரிஞ்சிருந்தும் இத்தனை மாசம் அழவிட்டுட்டியேடி."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அது குரலும் இல்லாமல் சீரும் இல்லாமல், மூக்கு ஒழுக, விக்கல் விக்கலாக வந்தது. அவளுக்கே அடையாளம் தெரியாத அழுகை. உள்ளே சபை பாடிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து போதகர் அட்டையும் கையுமாகத் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, இதை எந்தப் பலகையில குத்தறது? ஸ்தோத்திரப் பலகைதானே?"

பெண்கள் கூட்டத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிட மகள் வாயைத் திறந்தாள். தம்பியும் அம்மாவும் கேட்க வேண்டும் என்றே அதைச் சொல்லப்போகிறோம் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

"முதல் பலகையே இருக்கட்டும் ஐயா" என்றாள் அம்மா.

"தம்பிதான் வந்துட்டாரே?"

"எங்க வந்தான்? இன்னும் ரெண்டும் வந்து சேரலை. அதைக் கிழிச்சிடுங்க, புது அட்டை ஒண்ணு கொடுங்க. எம்பேர்ல ஒரு விண்ணப்பம்."

போதகர் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அம்மாவின் விரல்கள் பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. முட்டிகள் எல்லாம் வீங்கி மடங்காமல் நின்றன. தம்பி புதுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, "நான் எழுதறேம்மா" என்றான்.

"வேண்டாம். நீ எழுதினா அட்டை பத்தாது. அவகிட்ட கொடு."

"அவங்கவங்க கையால எழுதணும்னு ஒரு சட்டம் இருக்கு..." என்று போதகர் இழுத்தார்.

"அவ கையும் நான் பெத்ததுதான். வரிசையில கடைசியில போடுங்க, புது விண்ணப்பம்தானே." மகள் பக்கம் திரும்பினாள். "எழுது. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் திரும்பி வரணும்."

மகள் தரையில் உட்கார்ந்தபடியே அட்டையை முழங்கால்மேல் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேனாவைச் சரியாகப் பிடித்து, முதல் எழுத்தைப் பழக்க தோஷத்தில் வளைத்து வளைத்து எழுதினாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். "அழகா எழுதாதேடி" என்றாள். "சும்மா எழுது."